கனடா வானொலியின் உரிமம்

டென்மார்க்கின் வைலேயில் எனக்கு மத்தியானம். கனடாவில் அப்போதுதான் விடிகிறது. என் கணவர் காலமான பிறகு வீட்டில் நானும் சாமிப் படங்களும்தான். கைபேசியில் கனடாத் தமிழ் வானொலியின் தேவாரம் முடிந்தது. உரிமத்தைப் புதுப்பிப்பது பற்றி அரசாங்கம் விசாரிக்கிறது, நேயர்கள் கருத்து எழுதலாம் என்றார் அறிவிப்பாளர். இடையில் அவர் குரல் இழுபட்டுத் தேய்ந்தது. என் வலது கை தானாகச் சுற்றப் பார்த்தது.

யாழ்ப்பாணத்தில் சண்டைக் காலத்தில் மின்சாரம் இல்லை. ஐயா சைக்கிளைக் கவிழ்த்து வைப்பார். நான் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வானொலி பேசும். கை சோர்ந்தால் குரலும் சோரும்.

"சுத்து பிள்ளை, செத்த ஆக்களின்ர பேர் வாசிக்கிறாங்கள்," என்பார் அம்மா. அண்ணாவைப் பற்றி மாதக்கணக்கில் தகவல் இல்லை. அவன் பெயர் வராமல் செய்தி முடிந்தால், எங்கள் நெற்றியோடு வானொலிப் பெட்டிக்கும் திருநீறு பூசுவார்.

ரொறன்ரோவிலுள்ள தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்தேன். "நானும் எழுதலாமோ?"

"இந்த நாட்டுச் சனத்துக்கு வேணுமோ எண்டுதானக்கா பாப்பாங்கள். நீ டென்மார்க்கிலயெல்லோ இருக்கிறாய்."

"அப்ப நீ எழுது. அக்கான்ர வீட்டில பகல் முழுக்கத் தமிழ் கதைக்கிறது அது ஒண்டுதான் எண்டு எழுது."