ஜெபம் பண்ணிக் கொடுத்த தையல் மிஷின்

அப்பாவைப் பற்றி யாராவது உருகிப் பேசினால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். பேத்தி எடுத்த பிறகும் பெற்ற தகப்பன்மேல் இவ்வளவு கோபம் ஆகாது என்று என் இரண்டு தங்கைகளும் சொல்கிறார்கள். அவர்களுக்கென்ன, அன்றைக்கு ஜீப்பில் அம்மாமேல் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தவர்கள்.

அப்பா மிஷனரி. வெள்ளைக்காரர் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகள் காணிக்கை சேர்த்துக் கல்வராயன் மலைக்கு அனுப்பிய மிஷனரி. கரியாலூரைத் தாண்டி ஒரு சிற்றூரில் எங்களுக்கு ஓட்டு வீடு, அதை ஒட்டிக் கூரை போட்ட ஜெப வீடு. நான் நடை பழகியதே அங்கேதான். எனக்குப் பதின்மூன்று வயதானபோது, இனி ஓர் இளம் குடும்பம் வரப்போகிறது, நீங்கள் ஊருக்குத் திரும்பி ஓய்வெடுங்கள் என்று அனுப்பிவைத்தவர்கள் சொல்லிவிட்டார்கள். ஓய்வு என்றால் இனிமேல் சம்பளம் கிடையாது என்று அர்த்தம். ஊரில் சொந்தமாக ஒரு குழி நிலமும் இல்லை. மூன்றும் பெண் பிள்ளைகள். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றார் அப்பா. அம்மா தன் தையல் மிஷினுக்கு எண்ணெய் போட ஆரம்பித்தாள்.

அவள் கல்யாணத்துக்கு என் மாமா வாங்கிக் கொடுத்த மிஷின் அது. காலால் மிதித்துத் தைப்பது. பஸ் வராத காலத்தில் கம்பு கட்டித் தோளில் சுமந்து மலையேற்றினார்களாம். "ஊருக்குப் போனா இத வச்சுப் பொழைச்சுக்கிடலாம்ட்டி" என்று என்னிடம்தான் சொல்வாள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு பார்க்க வேண்டும், யூனிபார்ம் தைக்க வேண்டும், என்னை டீச்சர் டிரெயினிங் படிக்க வைக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் மனதுக்குள் வெட்டி வைத்திருந்தாள்.

ஊழியத் தலத்தை விட்டுப் போகிறவர் வீட்டுச் சாமான்களைச் சபையாருக்குக் கொடுத்துவிட்டுப் போவது எங்கள் ஆட்களின் வழக்கம். ஒவ்வொரு பொருளின்மேலும் கைவைத்து ஜெபம் பண்ணுவார்கள். ஜெபம் பண்ணிக் கொடுத்தால் அது காணிக்கை, திரும்ப எடுக்கக் கூடாது. கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அப்பா குண்டா, தவலை, கட்டில், ஆடு என்று கொடுத்துக்கொண்டே வந்தார். ஜனங்கள் அழுதார்கள். அவர்கள் அழ அழ இவருக்கும் கை நீண்டது. கடைசியில் மிஷின்மேலும் கைவைத்து ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மா கண்ணை மூடவே இல்லை, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆராதனையில் தாம் வாசிக்கும் ஆர்மோனியத்திடம் வந்தபோது மட்டும், "இது ஊழியத்துக்குரியது. இதைக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை" என்றார். அம்மாவின் மிஷினைக் கொடுக்க அந்த அதிகாரம் எங்கிருந்து வந்ததோ, அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை கள்ளக்குறிச்சியிலிருந்து ஜீப் வந்து எங்களை விருத்தாசலத்தில் ரயிலேற்றிவிடுவதாக ஏற்பாடு. விடியும் முன்பே பிடித்த மழையில் மலைப்பாதையில் ஒரு வளைவு சரிந்துபோனது. பஸ்ஸும் இல்லை, ஜீப்பும் இல்லை. அடிவாரத்து வடக்கனந்தலுக்குப் போய்விட்டு நடந்தே ஏறி வந்த ஒருவர், "ரோடே பூட்ச்சிங்க ஐயா, எங்க வரும் ஜீப்பு" என்று சொல்லிவிட்டுத் தலையைத் துவட்டினார். ரயில் அதன்பாட்டுக்குப் போயிருக்கும்.

கஞ்சி காய்ச்ச ஒரு பாத்திரம் இல்லாத வீட்டில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். கொடுத்ததைக் கேட்டு வாங்க அப்பாவின் கௌரவம் விடவில்லை. பசியில் சின்னவள் அழுதாள். அம்மாவிடம் தையல் கற்றுக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெண் ஒரு குண்டாவோடு வந்தாள். "உங்க குண்டாதாம்மா. சாமை அரிசிச் சோறு ஆக்கிக்கினு வந்தேன், துன்னுங்க" என்றாள். அப்பா அதற்கும் ஸ்தோத்திரம் சொன்னார்.

மழை விடவில்லை, ஜீப்பும் வரவில்லை. இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்த அம்மா, அந்தப் பெண் குண்டாவை எடுக்க வந்து நின்றபோதே அப்பாவிடம் கேட்டுவிட்டாள்.

"குடுத்த குண்டாவுல சாப்பிடுதோம்லா? அப்ப குடுத்த மிஷினையும் எடுத்துக்கிட்டா என்ன?"

"சோறு அவங்க அன்பா தாறது. மிஷினு காணிக்கை. திரும்ப எடுத்தா ஊரு என்ன பேசும்?"

"மூணு பிள்ளையளுக்கும் ஊரா சோறு போடும்?"

அப்பா வேதத்தைத் திறந்துகொண்டார். பதில் சொல்ல முடியாதபோது அவர் செய்வது அதுதான்.

அன்று மாலையே அந்தப் பெண் இன்னும் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு, சாக்கைப் போட்டு மூடி, மிஷினைத் தூக்கி வந்து எங்கள் வாசலில் வைத்தாள். "இன்னாங்க ஐயா இது? நாங்க கேட்டமா மிஷினு? அம்மாவுது அம்மா எடுத்துக்கினு போவட்டும்" என்றாள். ஊர் என்ன பேசும் என்று பயந்தாரே, ஊர் பேசியது இதுதான். அம்மா முந்தானையால் மிஷினைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் மழை விட்டது, ஜீப்பும் வந்து சேர்ந்தது. டிரைவர் சாமான்களைப் பார்த்ததும் கையை விரித்தார். "வளைவாண்ட பாதி ரோடுதாங்க இருக்குது. நீங்களே எறங்கி நடக்கணும். டிரங்குப் பெட்டிக்கு மேல ஒண்ணு ஏத்திக்கலாம். மிஷினா, ஆர்மோனியமா, சட்டுனு சொல்லுங்க. மழை திரும்பக் கட்டிக்கினு வருது."

ஊரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அப்பாவை எதிர்த்து வெளியில் ஒரு சொல் பேசாத அம்மா, "மிஷினை ஏத்துங்க" என்றாள்.

அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆர்மோனியத்தைத் தாமே தூக்கி ஜீப்பில் வைத்தார். "பலிபீடத்தில வச்சதை எடுத்துட்டுப் போனா ஆசீர்வாதம் இருக்காது. கர்த்தரே வழியை அடைச்சுக் காட்டுதாரு, பாரு" என்றார். சரிந்த ரோட்டையும் தமக்குச் சாட்சியாக இழுத்துக்கொண்டார் மனுஷன்.

"மிஷினு எங்கியும் போவாதும்மா. நான் வச்சிருக்கேன், வந்து எடுத்துக்கோ" என்றாள் அந்தப் பெண். அம்மா தலையசைத்தாள். அப்புறம் அந்த மலைப் பக்கம் எங்களில் யாரும் போகவில்லை.

ஊரில் அம்மாவின் மடிக்குப் பீடித்தட்டு வந்தது. என் மடிக்கும் வந்தது. டீச்சர் டிரெயினிங் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பீடி பிடிப்பது பாவம் என்று மலையெல்லாம் பிரசங்கம் பண்ணிய அப்பா, பீடிக் கூலியில் வந்த சோற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட்டார். ஆர்மோனியத்தை அலமாரிமேல் ஏற்றினோம். ஊரில் அதைக் கேட்க யாருமில்லை.

அப்பா இறந்த அன்று பாடகர் குழுவில் ஒருவர் அதை இறக்கித் தூசி தட்டினார். பாட்டு முடிந்ததும் போதகர் பேசினார். "எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு மலையிறங்கிய தேவ மனுஷர்" என்றார். வந்திருந்தவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா, புகையிலைக் கறை ஏறிய விரல்களைப் பார்த்தபடி, பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"வெறுங்கையோட எறங்குனது நான்லா."

அதற்குள் அடுத்த பாட்டுக்கு ஆர்மோனியம் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.