கண்டக்டர் கூவாத பகல்கள்

அம்மாவின் ஹெட்போனில் காதோடு ஒட்டிக்கொள்ளும் கறுப்புப் பஞ்சை மூக்கருகே கொண்டுபோனால், தேங்காயெண்ணெயும் வியர்வையும் லேசாகச் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்து ஒரு வாசனை வரும். அந்த வாசனை இன்றைக்கும் பேருந்துக் கூட்டத்தில் எங்காவது என்மேல் பட்டுவிட்டால் போதும், கருங்குழியில் எங்கள் தெருவும், ஊரடங்கு வெயிலும், வாசல் கேட்டில் தொங்கிய சிவப்புத் துண்டும் எனக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். எழுந்து போகச் சொன்னாலும் போகாது.

நான் அப்போது ஏழாம் வகுப்பு முடிக்கிற நேரம். அம்மா சென்னையில் பஸ் டிக்கெட் விற்கும் ஒரு கம்பெனியில் போனெடுத்துப் பதில் சொல்கிற வேலையில் இருந்தாள். நான் கண் விழிக்கும்முன் பஸ் ஏறிவிடுவாள், நான் தூங்கியபின் வந்து இறங்குவாள். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால், "எங்க அம்மா ஞாயித்துக்கெழம அம்மா" என்று சொல்வேன். சொல்லிவிட்டு நானே முதலில் சிரித்துவிடுவேன், மற்றவர்கள் பாவப்படுவதற்கு முன்னால். அந்த ஞாயிற்றுக்கிழமையிலும் பாதியை அவள் தூங்கியே கழிப்பாள்.

எங்கள் தெரு ஜிஎஸ்டி ரோட்டுக்கு நேர்பின்னால் இருக்கிறது. லாரியும் பஸ்ஸும் இரவு பகல் என்று பார்க்காமல் ஓடுகிற ரோடு அது; நாங்கள் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம், கத்துகிறோம் என்பதே எங்களுக்குத் தெரியாது. என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், தெருவிலேயே பெரிய தொண்டை அவருக்குத்தான். "இந்த ரோடு ஒரு நாள் தூங்கிச்சின்னா, நம்ம தெருவே பயந்து முழிச்சிக்கும் பாரு" என்று அடிக்கடி சொல்வார். சொன்னது போலவே ஒரு நாள் ரோடு தூங்கிவிட்டது. ஊரடங்கின் முதல் காலையில், ஏதோ விழுந்து உடைந்ததுபோல நாங்கள் எல்லோரும் வாசலுக்கு ஓடி வந்தோம். எதுவும் உடையவில்லை. வெறும் அமைதி. யார் வீட்டிலோ தாளிக்கிற கடுகு வெடிப்பது தெருக்கோடி வரை கேட்டது.

சில நாளில் கம்பெனி வண்டியில் ஒரு கம்ப்யூட்டர் வந்து எங்கள் வீட்டில் இறங்கியது. என் படிக்கிற மேஜை அம்மாவின் ஆபீஸ் ஆனது. அன்றைக்குத்தான் எனக்கு இரண்டு அம்மா இருப்பது தெரிந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டால், "வணக்கம், உங்களுக்கு நான் எந்த வகையில் உதவலாம்?" என்று வெல்லப்பாகில் முக்கி எடுத்த குரல். அதைக் கழற்றினால், "இன்னாடி வாயப் பொளந்துகினு பாக்கற? போய்த் தண்ணி மொண்டுகினு வா" என்று எங்கள் வீட்டுக் குரல். எனக்கு இரண்டுமே வேண்டியிருந்தது. மேஜைக்குக் கீழே அவள் கால்பக்கமாகப் படுத்துக்கொண்டு, பகல் முழுக்க அவள் யார் யாருக்கோ மன்னிப்புக் கேட்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். டிக்கெட் போட்ட உலகமே ரத்தாகிப்போன காலம். எல்லோருக்கும் எங்கோ போகவேண்டியிருந்தது, ஒரு பஸ்ஸும் ஓடவில்லை. ஊரே கவலையில் இருந்தபோது, வெளியே சொல்லக்கூடாது, நான் சந்தோஷமாக இருந்தேன். அம்மா என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள்.

ஆனால் அந்தச் சந்தோஷம் ஒரு நூலில்தான் தொங்கியது. அம்மா பேசும்போது பின்னால் எந்தச் சத்தமும் கேட்கக்கூடாது என்பது கம்பெனியின் கட்டளை. கேட்டால், அந்த வீடு வேலைக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டி, அவர்களே வேன் அனுப்பி ஆபீசுக்குப் பக்கத்து ஹாஸ்டலில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். எப்போது திரும்பலாம் என்று யாருக்கும் தெரியாது. அம்மாவோடு வேலை செய்த ஒரு மதுராந்தகத்து அக்காவை, தொட்டில் குழந்தை அழுததற்காக, அப்படித்தான் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பார்கள் எங்கள் பக்கத்தில். எங்களுக்கு அந்த உலைமூடி அவசரமாகத் தேவைப்பட்டது.

நைனாதான் ஒரு வழி கண்டுபிடித்தார். வேனுக்குப் பின்னால் கட்டுகிற சிவப்புத் துண்டை எடுத்து வாசல் கேட்டில் கட்டினார். துண்டு தொங்கினால் ரோஸி போனில் இருக்கிறாள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். ரோஸி என் அம்மா. எங்கள் தெருவைப் பற்றி எத்தனையோ குறை சொல்லலாம், நானே சொல்லுவேன். ஆனால் அந்த மாதங்களில் தெரு தானாகத் தன் வாயை மூடிக்கொண்டது. அம்மா உட்காரும்முன் எல்லா வீட்டிலும் குக்கர் விசிலடித்து ஓய்ந்திருக்கும். காய்கறி டெம்போக்காரர் துண்டைப் பார்த்ததும் ஸ்பீக்கரை அணைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே போவார்; பெண்கள் விரலைக் காட்டிக் கத்திரிக்காய் வாங்குவார்கள். குழாயடிச் சண்டைகூட மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

அடங்காதது ஒன்றே ஒன்று. எதிர்வீட்டுப் பொற்கொடி அத்தையின் சேவல்.

அதற்குத் தெரு வைத்த பெயர் கண்டக்டர். நெஞ்சைத் தூக்கிக்கொண்டு நடக்கும், எல்லோரையும் அதட்டி எழுப்பும். அத்தையின் மகன் வண்டியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு படுத்திருந்தபோது, அவன் எழுந்து நடந்தால் ஆடியில் கொடுக்கிறேன் என்று அம்மனுக்கு நேர்ந்துவிட்ட சேவல். மகன் நடந்துவிட்டான். சேவலுக்கு ஆடிவரை ஆயுள். அதுவரை அதை விற்கக்கூடாது, அறுக்கக்கூடாது, தெரு எல்லையைத் தாண்ட விடக்கூடாது. ரோடு ஓடிய காலத்தில் அது கூவுவது அத்தை வீட்டுக்கே அரைகுறையாகத்தான் கேட்கும். இப்போது ரோடு தூங்கியதில், அதன் குரல் எங்கள் வீட்டுச் சன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுப் போனது.

நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள்; அம்மன் நேர்த்திக்கடனில் நைனா எப்படி வாய் வைப்பார்? இருந்தும் ஒரு நாள், அம்மா போனில் இருக்கும்போது கண்டக்டர் மதிலேறி நிற்க, நைனா தெருவில் இறங்கிவிட்டார். அத்தையும் இறங்கினாள். துண்டு தொங்கிக்கொண்டிருந்ததால் இரண்டு பேரும் சத்தமில்லாமலே சண்டை போட்டார்கள். நைனா தன் கழுத்தில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். அத்தை வானத்தைக் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிறகு நைனாவின் கண்ணைக் குத்திவிடுவதாக இரண்டு விரலை நீட்டினாள். நைனா கையெடுத்துக் கும்பிட்டார். அத்தை முந்தானையை உதறினாள். மாடியில் நின்று பார்த்தவர்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். துண்டு இறங்கியதும்தான் குரல் வந்தது.

"இன்னா அண்ணாத்த, சாமிக்கு வுட்டத அறுக்கச் சொல்ற? அது கத்தினா சாமியே கத்தற மாதிரி."

"உன் சாமி கொஞ்சம் மெதுவாக் கத்தக்கூடாதா பொற்கொடி? ரோஸிய வேன்ல ஏத்திகினு பூடுவானுங்க. அப்பால இந்தக் கொயந்தய யாரு பாக்கறது, உன் சேவலா?"

அத்தை என்னைப் பார்த்தாள். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுநாளிலிருந்து துண்டு ஏறியவுடன் அவள் கண்டக்டர்மேல் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து, மேலே ஈரச் சாக்கைப் போட்டு இருட்டாக்கிவிடுவாள். இருட்டில் சேவல் கூவாது. "ஊரடங்கு மனுசனுக்குத்தான்னு நெனச்சேன், உனக்குங்கூடவா ராசா" என்று அதனிடம் புலம்புவாள். சாப்பாட்டு நேரத்தில் திறந்துவிட்டால், அதுவரை சேர்த்துவைத்த கூவலையெல்லாம் அது ஒரே மூச்சில் கொட்டும். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே, "எனக்கும் இப்பிடித்தான்டி கீது" என்பாள். அவளுக்கும் அந்த அரைமணி நேரந்தான் சொந்தக் குரல்.

ஆடி வந்தது; திருவிழா வரவில்லை. கூழ் ஊற்றக்கூடாது, கூட்டம் கூடக்கூடாது, கோயில் பூட்டு. முதல் வெள்ளிக்கிழமை. அன்று காலையிலேயே, அம்மாவின் பேச்சைப் பெரிய சார் ஒருவர் பகலெல்லாம் கூடவே கேட்டுக்கொண்டிருப்பார் என்று தகவல் வந்திருந்தது. நைனா இரண்டு முடிச்சுப் போட்டுத் துண்டைக் கட்டினார். நான் சன்னலோரம் காவலுக்கு உட்கார்ந்தேன்.

பொற்கொடி அத்தைக்கு வேறு கவலை. அம்மனுக்குக் கொடுக்க வேண்டிய நாளில் கொடுக்க முடியவில்லை; மஞ்சள் தண்ணியாவது தெளிக்காவிட்டால் தெய்வக்குற்றம் ஆகிவிடுமே. சத்தமில்லாமல் செய்துவிடலாம் என்று நினைத்து, மெல்லச் சாக்கை விலக்கி, பஞ்சாரத்தைத் தூக்கி, கண்டக்டரின் தலையில் மஞ்சள் தண்ணீரைத் தெளித்தாள். தண்ணீர் பட்டுச் சேவல் உடம்பைச் சிலிர்த்து உதறினால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று பொருள். கண்டக்டர் சிலிர்த்தது. சிலிர்த்த வேகத்தில் கழுத்தை நீட்டி, ஆடி வெயிலைப் பார்த்து, தெரு அதிரக் கூவியது.

அம்மாவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். "மன்னிக்கணும் ஐயா" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். எதிர்முனையில் பேசுவது எனக்குக் கேட்காது. அம்மா பிறகு சொல்லித்தான் தெரியும். செய்யூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். மகளின் பிரசவத்துக்காகப் புனே போனவர், அடுக்குமாடியில் மாட்டிக்கொண்டார். வீட்டுக்காரம்மா ஊரில் தனியாக இருந்தார். டிக்கெட் பணம் எப்போது திரும்பும் என்று அம்மா ஒப்பித்துக்கொண்டிருந்தபோது, அவர் பணத்தைப் பற்றிக் கேட்கவே இல்லையாம். சேவல் கூவியதும், "எம்மா, அது நம்ம ஊர்ப் பக்கத்துச் சேவலாம்மா?" என்று கேட்டாராம்.

ஹெட்போன் மாட்டியிருந்த அம்மாவின் வாயிலிருந்து, நான் அதுவரை கேட்காத ஒன்று வந்தது. எங்கள் வீட்டுக் குரல்.

"ஆமாங்கய்யா. கருங்குழி சேவலுதான். எதுத்த வூட்டுது."

மறுபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "இன்னொரு வாட்டியா?... இருங்க ஐயா." மைக் வைத்த ஹெட்போனைக் கழற்றி, வயர் எட்டிய மட்டும் இழுத்து, சன்னல் கம்பிக்கு வெளியே நீட்டினாள். இன்னொரு கையால் தெருவைப் பார்த்து, கூவ வை, கூவ வை என்று சைகை காட்டினாள்.

தெருவில் அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிலையாக நின்றாள். நைனா அதற்குள் பஞ்சாரத்தை மறுபடி கவிழ்க்க ஓடிக்கொண்டிருந்தார். இத்தனை மாதம் அடக்கிய சேவலை இப்போது கூவச் சொன்னால் யாருக்குப் புரியும்? புரிந்தபோது கண்டக்டர் கூவ மறுத்தது. அத்தை தானியம் காட்டினாள், கெஞ்சினாள். அது ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அவளையே பார்த்தது. அம்மாவின் கை கம்பிக்கு வெளியே நீட்டியபடியே இருந்தது. சட்டென்று நைனா நடுத்தெருவில் நின்று, கைகளை இடுப்பில் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளை அதட்டிப் பழகிய தொண்டையைத் திறந்து, "கொக்கரக்கோ..." என்று கூவினார். தன் எல்லையில் இன்னொருவனா? கண்டக்டர் றெக்கையை அடித்துக்கொண்டு மதிலேறிப் பதில் கொடுத்தது. நைனா விடவில்லை. சேவலும் விடவில்லை. மாடிகளில் தெருவே வாய்விட்டுச் சிரித்தது, மாதக்கணக்கில் அடக்கிவைத்த சிரிப்பு.

அம்மா ஹெட்போனைத் திரும்ப மாட்டினாள். "கேட்டுதுங்களா ஐயா?" என்றாள். அந்தப் பக்கம் பெரியவர் அழுதுகொண்டிருந்தாராம்.

மறுநாள் பெரிய சாரே கூப்பிட்டார். வாடிக்கையாளர் நன்றி சொல்லியிருப்பதாகவும், கேட்கச் சந்தோஷமாக இருந்ததாகவும் சொன்னார். திங்கட்கிழமை வேன் வரும் என்றும் சொன்னார்.

வேன் வந்தது. கம்ப்யூட்டர் முதலில் ஏறியது. "என் சேவலு உன்ன அனுப்பிச்சிடுச்சே ரோஸி" என்று அத்தை முகக்கவசத்தை நனைத்துக்கொண்டு அழுதாள். "வுடு அண்ணி. அந்தாளுக்கு நம்மால குடுக்க முடிஞ்ச டிக்கெட்டு அது ஒண்ணுதான்" என்றாள் அம்மா. என் தலையை ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டு ஏறினாள். டிரைவர் தெரியாமல் ஹாரன் அடித்துவிட, பழக்கதோஷத்தில் தெரு மொத்தமும் அவரைப் பார்த்து "ஷ்ஷ்" என்றது. அம்மா சன்னல் வழியாகச் சிரித்ததுதான் எனக்குக் கடைசியாகத் தெரிந்தது.

ஹாஸ்டல் வாசம் பிறகு முடிந்தது, பஸ்கள் ஓடின, அம்மா மறுபடி ஞாயிற்றுக்கிழமை அம்மா ஆனாள். இப்போது நான் மதுராந்தகத்தில் ஒரு செல்போன் கடையில் நின்று நாள் முழுக்கப் பேசுகிறேன். பேச்சை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த மேஜைக்கு அடியில் கிடந்த மாதங்கள்தான். அம்மாவின் கம்பெனிக்குப் போன் செய்கிற பாதிப் பேருக்கு இப்போது பதிவு செய்த குரல்தான் பதில் சொல்கிறது. அதற்குப் பின்னால் எந்தச் சத்தமும் கேட்காது. கண்டக்டரை அத்தை அறுக்கவே இல்லை. "அம்மன் அன்னிக்கே வாங்கிக்கினா" என்று சொல்லிவிட்டாள். அது கிழமாகி, ஒரு மழைக்காலத்தில் பஞ்சாரத்திலேயே செத்துப்போனது. அந்த இடத்தில் வேறொரு சேவல் இருக்கிறது. கூவுகிறதாம். ஜிஎஸ்டி ரோட்டுச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அம்மா தூங்கும்போது நான் அந்தத் துண்டை எடுத்துக் கேட்டில் கட்டுகிறேன். வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டது. புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அது காயப்போட்ட துணி; வண்டியை முறுக்கிக்கொண்டு போகிறார்கள், ஸ்பீக்கர் கட்டி மீன் விற்கிறார்கள். எதிர்வீட்டில் மட்டும் யாரோ எட்டிப் பார்ப்பது தெரிகிறது. அடுத்த நொடி, பொற்கொடி அத்தை வீட்டு டிவியின் சத்தம் குறைகிறது.