பேர் சொல்லிப் போட்ட ஓட்டு

“இந்தப் பொம்பளைக்கு ஓட்டு இல்லீங்க” என்று கருப்பண்ணன் மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டினான். அதிகாரி நீட்டிய சீட்டு பாதியில் நின்றது. மறுமுனையை அதற்குள் பாவாயி பிடித்துவிட்டாள். இருவரும் விடவில்லை.

“ஏன் இல்லை? லிஸ்டுல இருக்கே” என்றார் அதிகாரி. “அர்த்தனாரி மனைவி பாவாயி, வயது முப்பது.”

“அர்த்தனாரி இருக்கறாருங்க. பாவாயியும் இருக்குதுங்க. நடுவுல இருக்கற மனைவிதான் இல்லீங்க.”

வரிசை சிரித்தது. பாவாயியும் சிரித்தாள். சீட்டை மட்டும் விடவில்லை.

கருப்பண்ணன் பச்சைப் பெட்டிக்கு ஏஜெண்டு. தேர்தலில் நின்ற மிட்டாதார் ஒருவரின், அதாவது அடிவாரத்துக் குட்டி ஜமீன்தாரின், பெட்டி அது. பக்கத்தில் காங்கிரசின் மஞ்சள் பெட்டி; பாவாயி அதில்தான் போடுவாள் என்று கருப்பண்ணனுக்குச் சேதி வந்திருந்தது. 1937ஆம் வருஷம் பிப்ரவரி மாதம். தேர்தலுக்காகக் கொல்லிமலையில் திருப்புலி நாட்டுச் சாவடியை மெழுகி, ஒரு மூலையில் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் பின்னால் பெட்டிகளை வைத்திருந்தார்கள். பெட்டிகளைத் தலைச்சுமையாகவும் அதிகாரியை டோலியிலும் மலையேற்றினார்கள். பெட்டிகள் காலியாக இருந்ததால், வந்ததில் கனமானது அதிகாரிதான் என்று சுமந்தவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. பாவாயி எடப்புளி நாட்டில் பிறந்தவள். பதினெட்டு வயதில் திருப்புலி நாட்டு அர்த்தனாரிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அர்த்தனாரிக்குப் பட்டா நிலம் இருந்தது, மிளகுக்கொடி இருந்தது, எல்லாவற்றைப் பற்றியும் அபிப்பிராயம் இருந்தது. அவள் கிண்டுகிற களிக்கு ஒரு திருத்தம், பெருக்குகிற வாசலுக்கு ஒரு திருத்தம், தும்மினால் அதற்கும் ஒன்று. ஆறு வருஷம் திருந்திப் பார்த்தாள். பிறகு ஒரு சாமை அறுப்பின் நடுவில் அரிவாளை வரப்பில் வைத்துவிட்டு எடப்புளிக்கு நடந்தாள். சின்னராசு வீட்டில் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். சின்னராசு அடுத்தவர் கொடியில் மிளகு பறிப்பவன். அவனுக்கு நிலம் கிடையாது. அபிப்பிராயமும் கிடையாது.

மலையில் இது நடக்காத காரியம் அல்ல. முதல் புருஷன் நாட்டுக்குத் தலைவரான நாட்டுக்கவுண்டர் முன்னால் “விட்டேன்” என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அர்த்தனாரி அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. வேறு ஆயிரம் வார்த்தை சொன்னான். “அவ இன்னும் எம் பேரைச் சொல்லலீங்களே” என்பது அதில் முக்கியமானது.

கட்டினவன் பேரைப் பெண் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் அவன் கட்டினவன் இல்லை. ஆனால் கேட்காமல் தானாகச் சொன்னால் அது திமிர். நாடு கூடி அபராதம் போடும். யாராவது கேட்டு அதற்குச் சொன்னால்தான் அது பதில்; அதற்கு அபராதம் இல்லை. மலையில் எவனும் ஒரு பெண்ணிடம் புருஷன் பேரைக் கேட்கமாட்டான். ஆகவே ஆறு வருஷமாகப் பாவாயி இரண்டு ஆண்களின் பேரையும் சொல்லாமல் காலம் தள்ளினாள். திருச்செங்கோட்டு சாமியைப் ‘பாதிப் பொம்பளை சாமி’ என்றாள். சின்ன வெங்காயத்தைக் குட்டி வெங்காயம் என்றாள். சாமி கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

ஓட்டு வந்தது இப்படித்தான். இவ்வளவுக்கு மேல் நிலத் தீர்வை கட்டுகிறவனின் மனைவிக்கும் ஓட்டு உண்டு என்று புதுச் சட்டம் சொன்னது. அதை எழுதியவர்களுக்குப் பெண்களுக்கு ஓட்டுக் கொடுக்க மனம் இருந்தது. பெண்கள் கையில் கொடுக்கத்தான் கூச்சம். பெரும்பாலும் புருஷன் வழியாகக் கொடுத்தனுப்பினார்கள். பட்டியல் எழுத வந்த கணக்குப்பிள்ளை அர்த்தனாரியிடம் “பொஞ்சாதி உண்டா?” என்று கேட்டார். “உண்டுங்க” என்றான். எந்த ஊரில் என்று அவர் கேட்கவில்லை.

சந்தையில் சேதி கேட்ட பாவாயி வீட்டுக்கு வந்து சின்னராசுவிடம் சொன்னாள்: “எனக்கு ஓட்டு இருக்குதாமா. போடப் போறேன்.”

“அங்க போயி நீ அவரு பொண்டாட்டின்னு சொன்னாத்தான குடுப்பாங்க? சொல்லிப்போட்டீன்னா நாடு உன்னை அங்கதான அனுப்பும்?”

“சொல்லாம வாங்க முடியாதா?”

“எனக்கெப்படித் தெரியும்? நானே ஓட்டில்லாதவன்.”

“அந்த மனுசன் பச்சையில போடுவாரு. நான் மஞ்சள்ல போட்டா அது அழிஞ்சுபோயிருமில்ல?”

“அழியும்னுதான் பேசிக்கறாங்க.”

“ஆறு வருசம் அந்தூட்ல நான் சொன்ன ஒண்ணும் நின்னதில்ல. இது ஒண்ணு நிக்கட்டும்.”

சின்னராசு கூடவே வந்தான். உள்ளே விடாததால் சாவடிக்கு வெளியே பலாமரத்தடியில் நின்றான்.

பாவாயியோடு சேர்த்து அன்று வந்த பெண்கள் நாலு பேர். அவளுக்கு முன்னால் போட்டுவிட்டு வந்த பெருமாயியை அவள் புருஷன் வாசலிலேயே மடக்கினான்.

“சொன்ன மாதிரி பச்சையிலதான போட்ட?”

“உள்ள ஒரே இருட்டுங்க. எல்லாம் ஒரே கலராத்தான் தெரிஞ்சுது” என்று சொல்லிவிட்டுப் பெருமாயி நடந்தாள்.

அர்த்தனாரி காலையிலேயே போட்டுவிட்டிருந்தான். வீட்டுக்குப் போகாமல் சாவடித் தூணோரம் நாட்டுக்கவுண்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். புது வேட்டி. ஆறு வருஷத்துக்குப் பிறகு பாவாயி அவன் பேரில் ஒரு காரியத்துக்கு வந்திருக்கிறாள்.

அதிகாரி சீட்டைப் பிடித்தபடியே கேட்டார். “ஏம்மா, நீ அர்த்தனாரி சம்சாரம்தானா? ஆமா, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு.”

அர்த்தனாரி நிமிர்ந்து உட்கார்ந்தான். நாட்டுக்கவுண்டர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். ஆமாம் என்றால் இன்று சாயங்காலமே திருப்புலியில் அடுப்பு மூட்ட வேண்டும். இல்லை என்றால் சீட்டு போய்விடும். பாவாயி சீட்டைப் பார்த்தாள்.

“லிஸ்டுல போட்டிருக்கறதை நீங்களே படிச்சீங்க. அப்புறம் என்னைக் கேட்டா எப்படிங்க?”

“அப்படிச் சொன்னா ஆகாதும்மா.”

“மழுப்பறாளுங்க சாமி” என்றான் கருப்பண்ணன். அவனுக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. அன்று முழுவதும் அவனுக்கு வந்த யோசனை அது ஒன்றுதான். “ஒண்ணு பண்ணுங்க. புருசன் பேரைக் கேளுங்க. அவ வாயால சொல்லட்டும். சொன்னா சீட்டைக் குடுங்க, சொல்லாட்டித் துரத்திவிடுங்க.”

எந்தப் பெண்ணாலும் சொல்ல முடியாது என்று அவனுக்குத் தெரியும். பாதி தெரிந்தவனின் தைரியத்தோடு நின்றான்.

தூணோரம் அர்த்தனாரி எழுந்தான். “அதைக் கேக்க வேண்டாங்க” என்றான். “வேற என்ன வேணாலும் கேளுங்க.”

“நீ உக்காருய்யா” என்றார் அதிகாரி. பாவாயி பக்கம் திரும்பினார். “உன் புருஷன் பேரென்னம்மா?”

“அர்த்தனாரி” என்றாள் பாவாயி.

சாவடியில் காது மந்தமானவர்கள் இருக்கலாம் என்று நினைத்தாளோ என்னவோ, இன்னொரு முறை சொன்னாள். “அர்த்தனாரிங்க. கேட்டீங்க, சொல்லீட்டேன்.”

அதிகாரி பட்டியலை விரலால் தொட்டுப் பார்த்தார். “சரியா இருக்கு” என்று சீட்டை விட்டார்.

“ஐயோ சாமி, பேரைச் சொல்லிப்போட்டா” என்றான் கருப்பண்ணன். “சொன்னா அவம் பொண்டாட்டி இல்லீங்க.”

“ஏன்யா, சொல்லலேன்னா பொண்டாட்டி இல்லேங்கறே. சொன்னாலும் இல்லேங்கறே. எப்பத்தான்யா பொண்டாட்டி? போய் உன் எடத்துல உக்காரு.”

தான் இப்போது ஒரு கல்யாணத்தை முறித்தது அதிகாரிக்குத் தெரியாது. அடுத்த பேரைக் கூப்பிட்டார். பாவாயி போர்வைக்குப் பின்னால் போனாள். மஞ்சள் பெட்டியில் சீட்டைப் போட்டாள். உள்ளே விழுந்ததா என்று பெட்டியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள்.

“கேட்டாங்க, சொல்லுச்சு” என்றார் நாட்டுக்கவுண்டர். “இதுல அபராதத்துக்கு ஒண்ணுமில்ல.”

“இன்னும் கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருக்கலாம்” என்றான் அர்த்தனாரி.

வெளியே வந்த பாவாயியைச் சின்னராசு மேலும் கீழும் பார்த்தான். “என்ன கேட்டாங்க?”

“பேரு கேட்டாங்க.”

“எம் பேரா?”

“உம் பேரை எதுக்குக் கேக்கறாங்க? நீ தீர்வை கட்டறயா?”

மறுநாள் காலையில் பெட்டிகளுக்கு அரக்கு வைத்துச் சேந்தமங்கலத்துக்கு இறக்கினார்கள். அர்த்தனாரி நாட்டுக்கவுண்டர் வாசலுக்குப் போய் “விட்டேன்” என்று சொன்னான். சாட்சிக்கு இரண்டு பேர் இருந்தார்கள். பாவாயியும் சின்னராசுவும் மிளகு பறிக்கப் போனார்கள். ஒரு கொடியில் செவ்வெறும்பு இருந்ததால் அதை விட்டுவிட்டார்கள். மூன்று கூடை ஆயிற்று. சாயங்காலம் பனி இறங்குவதற்குள் வீட்டுக்கு வந்தார்கள்.