பச்சையாக இருந்த புல்

ஏழாவதோடு பள்ளியை விட்டவன் நான். ஓசூரில் பூப்பண்ணை, தும்கூர் ரோட்டில் செங்கல் சூளை, பொம்மனஹள்ளியில் நர்சரி என்று எங்கேயும் ரொம்ப நாள் நின்றதில்லை. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஒரு ரிட்டயர்டு டீச்சர் வீட்டில்தான் ஒரு கோடை முழுக்க இருந்தேன். கேட்டை ஒட்டிய அறை, இரண்டு வேளைச் சாப்பாடு, பார்த்துக்கொள்ள முன்பக்கப் புல்தரை. தெருவில் எல்லோருக்கும் அவர் மிஸ். எனக்கும் அப்படித்தான்.

அந்த வருடம் மழை பொய்த்துவிட்டது. மிஸ் வீடு, பக்கத்து வீடு, எதிர்வீடு மூன்றுக்கும் பொதுவான போர்வெல் எதிர்வீட்டு காம்பவுண்டுக்குள் இருந்தது. எதிர்வீட்டுக்காரர்தான் வால்வைத் திறந்து முறை வைத்துத் தண்ணீர் விடுவார். ஏப்ரலில் குழாயில் தண்ணீரைவிடக் காற்றும் சேறும்தான் அதிகம் வந்தன. தெரு முழுக்கச் செடிகள் கருகின. மிஸ் வீட்டுப் புல் மட்டும் பச்சையாக இருந்தது.

மிஸ்ஸின் கணவர் பக்கவாதத்தில் படுத்திருந்தார். விரிப்புகளைத் தினமும் துவைக்க வேண்டும். சோப்பு நுரை அதிகமுள்ள முதல் தண்ணீரைச் சாக்கடைக்கு விட்டுவிட்டு, அலசிய தண்ணீரை டிரம்மில் பிடித்து விடியற்காலையில் புல்லுக்கு ஊற்றினேன். புல்லை ஒட்ட வெட்டாமல் நீளமாகவே விட்டேன். அடியில் நிழல் இருந்தால் மண் சீக்கிரம் காயாது.

தெருவுக்கு அவர் நிலை தெரியாது. பையன்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுத்த மனிதர். மூட்டுவலி என்று மிஸ் சொல்லிவைத்திருந்தார். துணிகளைக்கூட அறைக்குள் ஃபேன் போட்டுத்தான் உலர்த்தினார்.

"அவர இந்தக் கோலத்துல யாரும் பாக்கக் கூடாது. அவருக்குப் பிடிக்காது" என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து மிஸ் திரும்பும் நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரர் கேட்டில் வந்து நின்றார். கூடவே பக்கத்து வீட்டு அம்மா.

"என்ன மிஸ், நாங்க பக்கெட்ல அளந்து குளிக்கிறோம். உங்க வீட்ல புல்லு குளிக்குது."

"அது துணி அலசுன தண்ணி" என்றார் மிஸ்.

"இருக்கிறது ரெண்டு பேரு. அவ்ளோ துணியா? லாண்ட்ரி கிண்ட்ரி ஆரம்பிச்சிட்டீங்களா?"

பக்கத்து வீட்டு அம்மா சிரித்தார். எதிர்வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு குரு. யாரும் பாக்காதப்ப பைப் போட்டு விடுறியா?"

"மண்ண மோந்து பாருங்க சார், சோப்பு வாசன அடிக்கும்." புல்லடியிலிருந்து ஒரு பிடி எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"வாசனைக்கு ஒரு பாக்கெட் சோப்புப் பவுடர் போதும்பா. சாயங்காலம் உங்க மொற. நான் வால்வத் தொறக்க மாட்டேன். டேங்கர் சொல்லிக்கோங்க."

சொன்னவுடன் டேங்கர் வருகிற காலமா அது? சம்ப்புத் தொட்டியில் அடித்தண்ணீர்தான் கிடந்தது. மிஸ்ஸின் கணவரைக் கழுவித் துடைக்காமல் படுக்கையில் போட்டுவைத்தால் புண் வந்துவிடும். ஏற்கெனவே இடுப்பில் தோல் சிவந்திருந்தது.

அவர்கள் போனதும் கேட்டேன்: "புல்லக் காய விட்டுடலாமா மிஸ்?"

"காஞ்சா மட்டும்? திருடி மாட்டிக்கிட்டோம், அதனால நிறுத்திட்டோம்னு சொல்வாங்க."

"அப்ப உள்ளதச் சொல்லிடுங்க."

"நீ போய் உன் வேலையப் பாரு."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இந்த மாதிரி நேரத்தில் கிளம்பிவிடுவது என் வழக்கம். பையை எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன். ஆனால் மிஸ்ஸின் கணவரைப் புரட்டிப் படுக்கவைக்க இரண்டு ஆள் வேண்டும். பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறியது. வீட்டுக்குள் மிச்சத் தண்ணீரில் வாஷிங் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

சாப்பாட்டு நேரம் தாண்டி மிஸ் பக்கெட்டோடு முன்வாசலுக்கு வந்தார். ஈர விரிப்புகளை ஒவ்வொன்றாக உதறிப் புல்மேல் விரித்தார். கறை போகாத இடங்களை மடித்து மறைக்கவில்லை. கணவரின் லுங்கிகளைப் போட்டார். கடைசியாக அவர் படுக்கையில் விரிக்கும் ரப்பர் ஷீட்டை எடுத்து, கேட்டுக்கு நேராக, தெருவில் போகிற யாருக்கும் தெரிகிற இடத்தில் போட்டார். நான் உதவிக்குப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

எதிர்வீட்டுக்காரர் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ரப்பர் ஷீட்டைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் எங்கள் முறைக்குச் சம்ப்பில் தண்ணீர் விழுந்தது. யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை. மிஸ் சத்தத்தைக் கேட்டபடி சமையலறையில் நின்றார். பிறகு கணவரைத் துடைக்கச் சுடுதண்ணீர் வைத்தார்.

மறுநாளும் துணிகளைப் புல்மேல்தான் விரித்தார். அந்த வெயிலில் ஈரத்துணிக்கு அடியில் புல் வெந்து, சதுரம் சதுரமாக மஞ்சளாகிவிடும். கொடி கட்டித் தரட்டுமா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.