வயது பத்து, ஊர் வண்டியூர்

பாண்டிமீனாவுக்கு ஐம்பத்துநான்கு வயது. தொழில்முறையில் பத்து.

ஹிபாரு என்ற ஜப்பானிய நிஞ்சாச் சிறுவன் தமிழ்த் தொலைக்காட்சியில் இருபது வருடங்களுக்கு மேலாகப் பேசியது, சிரித்தது, பசிக்கு அழுதது, மலையுச்சியிலிருந்து குதித்தது எல்லாம் இந்த அம்மையாரின் தொண்டையால்தான். குதிப்பதற்கு வசனம் கிடையாது. 'ஹா', 'ஹூப்', 'உக்' என்று சத்தம் மட்டும். இதைச் சரியாகப் போடுகிறவரைத்தான் டப்பிங் உலகம் கலைஞர் என்று ஒப்புக்கொள்ளும். வசனத்தை யாரும் பேசிவிடலாம். வயிற்றில் குத்து வாங்குவதுதான் கஷ்டம்.

முன்பெல்லாம் இந்தக் குத்துகளை வாங்க சென்னைக்கு ரயிலேறிக்கொண்டிருந்தார். பெருந்தொற்றில் ரயில் நின்றது; ஜப்பானில் சண்டை நிற்கவில்லை. ஆகவே வண்டியூர் வீட்டின் சாமான் அறை, சுற்றிலும் இலவம்பஞ்சு மெத்தைகள் சாத்தப்பட்டு, ஒலிப்பதிவுக் கூடமாகப் பதவி உயர்வு பெற்றது. நிர்வாகம், ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநரான கணவர் சங்கிலி. பொத்தான் அமுக்குவது, ஃபேனை நிறுத்துவது, கீரைக்காரரைக் கூவவிடாமல் தெருமுனையிலேயே மடக்குவது ஆகிய இலாகாக்கள் அவரிடம் இருந்தன.

மெத்தை எல்லாச் சத்தத்தையும் தடுத்துவிடாது. புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் சங்கிலியை டீக்கடையில் ஓரங்கட்டினார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்கிறாதீங்க. அக்கா அடிச்சா சத்தம் போடாம வாங்கிக்கங்க. தெனம் 'உக்கு, உக்கு'ன்னு கேக்குது. எங்க வீட்டுல அவளும் பழகிக்கிருவா போல."

"பழகிப்போச்சு மாப்ள" என்று சங்கிலி டீயைக் குடித்தார். மனைவியின் தொழில் ரகசியத்தை வெளியிடுவதைவிட அடிவாங்குவதே அவருக்கு கௌரவமாகப் பட்டது.

சென்ற மாதம் ஹிபாரு இறந்தான். கடைசிப் பகுதியில் உலகைக் காப்பாற்றிவிட்டுப் பனியில் விழுந்தான். டப்பிங் இயக்குநர் ஹரிநாராயணன் சென்னையிலிருந்து போன் செய்தார். சிறுவயதில் ஹிபாரு வராமல் சோறு இறங்காத பிள்ளை அவர். இன்று தாடி வைத்திருக்கிறார்.

"மேடம், அடுத்தது மோகுன்னு ஒரு குட்டி அரக்கன் கதை. உங்களுக்கு அம்மா ரோல் வச்சிருக்கேன்."

"அவ என்னா பேசுவா?"

"'மோகு, சாப்பிட வா'ன்னு கூப்பிடுவாங்க."

"அப்புறம்?"

"அவன் வரமாட்டான். மறுபடி கூப்பிடுவாங்க."

ஒருமுறை அம்மாவான குரல் மறுபடி குழந்தையாவதில்லை. அம்மாவுக்கு அடுத்த படி பாட்டி. அதற்கும் அடுத்தது பேசும் மரம். பாண்டிமீனா தனக்கு மோகுதான் வேண்டும் என்றார். சேனலில் இளம் குரல் கேட்கிறார்கள் என்று இழுத்த ஹரிநாராயணன், கடைசியில் இறங்கிவந்தார். மறுநாள் மதியம் பன்னிரண்டுக்குள் மோகு கோபப்படும் காட்சியைப் பேசி அனுப்பினால், சேனல் கேட்டு முடிவு செய்யும்.

இதற்கிடையே ஹிபாருவைப் பார்த்து வளர்ந்த தெரு இளைஞர்கள், சூர்யபிரகாஷ் தலைமையில், தெப்பக்குளம் முக்கில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வைக்க முடிவெடுத்தார்கள். மதுரையில் ஃபிளெக்ஸ் இல்லாத சாவு சாவே அல்ல. ஆனால் நிஞ்சாவின் படத்தைப் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாக வந்தது. ஓரத்தில் நன்றிக்காக வைக்கச் சொன்ன பாண்டிமீனாவின் படமோ பளிச்சென்று இருந்தது. தொழில் தெரிந்த ஃபிளெக்ஸ்காரர் அதை நடுவில் போட்டு, மாலை சாத்தி, இருபக்கமும் குத்துவிளக்கு ஏற்றிவிட்டார். மேலே 'மலையில் குதித்த மாவீரனே, எங்கே போனாய்?' என்று சிவப்பில் எழுதியிருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் ஃபிளெக்ஸின் படம் கைபேசி வழியே சங்கிலியின் சொந்த ஊரான பேரையூர் போய்ச் சேர்ந்தது.

பதினொன்றுக்குப் பாண்டிமீனா ஏழாவது தடவை பேசி முடித்தார். சங்கிலி காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினார்.

"எப்படிங்க?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா, பையன் மாதிரி நடிக்கிற பொம்பளை மாதிரி இருக்கு."

எட்டாவது தடவைக்குப் பொத்தானை அமுக்கியபோது வாசலில் வேன் வந்து நின்றது. சங்கிலியின் அக்கா செல்லத்தாய், மாரில் அடித்துக்கொண்டு பத்துப் பெண்களோடு இறங்கினார்.

"அக்கா, அழுவாத! அவ உள்ளதான் இருக்கா!" என்றார் சங்கிலி.

"உள்ள கெடத்தியிருக்காகளாம்!" என்று ஒப்பாரி ஒரு கட்டை ஏறியது. கூட்டம் சாமான் அறைவரை வந்து கதவைத் தள்ளியது. மைக் முன்னால் பாண்டிமீனா நின்றுகொண்டிருந்தார்.

பத்துப் பெண்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"உசுரோடயா இருக்க?" என்றார் செல்லத்தாய். குரலில் லேசான குறை. "இம்புட்டுப் பேரையும் களையெடுப்பை விட்டுட்டுல்ல கூட்டியாந்திருக்கேன்."

"மதினி, வேலை இருக்கு. பன்னெண்டு மணிக்குள்ள…"

"இருக்கட்டும்த்தா. ஆரம்பிச்ச பாட்டை நடுவுல நிறுத்துனா வீட்டுக்கு ஆகாது. ரெண்டே ரெண்டு அடி பாடிட்டுப் போயிர்றோம்."

இரண்டாவது அடியில் பாண்டிமீனாவின் பொறுமை அறுந்தது. தொண்டை மட்டும் இன்னும் மோகுவிடமே இருந்தது.

"போங்க! எல்லாரும் வெளிய போங்க! நான் ஒண்ணும் சாகல! எப்பப் பார்த்தாலும் நீங்க இப்பிடித்தான்! கல்யாணத்துலயும் அழுதீங்க, காதுகுத்துலயும் அழுதீங்க! என்னைய வெளையாடவே விடமாட்டேங்கிறீங்க!"

ஒப்பாரி நின்றது. செல்லத்தாய் சுற்றுமுற்றும் பார்த்து, மெத்தையை விலக்கிப் பின்னால் தேடினார்.

"எவன்டா அது? யாரு பெத்த பிள்ளை, அம்புட்டு வாயி!"

பொத்தானின் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. "தப்பாப் பதிவாயிருச்சு. அழிச்சிரவா?" என்று கேட்டார் சங்கிலி. பாண்டிமீனா ஹெட்போனை வாங்கிக் கேட்டார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"அனுப்புங்க."

மூன்று மணிக்கு ஹரிநாராயணன் கூப்பிட்டார். "மேடம், நான் குடுத்த டயலாக் இதுல ஒண்ணுகூட இல்லையே?"

"டயலாக் இல்ல. பையன் இருக்கானா?"

"இருக்கான். மோகு நீங்கதான், சேனல்ல ஓகே சொல்லிட்டாங்க. ஆனா ஒரு சிக்கல். சின்னப் பிள்ளையை வச்சு வேலை வாங்கினா சட்டப்படி பிரச்சனையாம். வயசுக்கு ஆதாரம் கேக்கறாங்க, ஆதார் அனுப்பிடுங்க."

காலையில் உயிரோடிருப்பதை நிரூபித்த பாண்டிமீனா, மாலையில் வயதுக்கு வந்துவிட்டதை நிரூபிக்க ஆதார் அட்டையை அனுப்பிவைத்தார். சேனலிலிருந்து உடனே பதில் வந்தது. அம்மாவின் அட்டையைத் தவறுதலாக அனுப்பிவிட்டீர்கள், பையனுடையதை அனுப்பவும்.