மயிலின் கண்

இடித்த கட்டடங்களின் சுதை உருவங்களும் பூவேலைகளும் எங்கே போயின என்று விசாரித்துத் திரிவது என் தொழில். சிங்கப்பூரில் பழகிய தெருவுக்கு ஆறு மாதம் கழித்துப் போய், இங்கே என்ன இருந்தது என்று நீங்களும் விழித்திருப்பீர்கள். நான் அதையே முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டவன்.

ஆணியடித்த ஜன்னல்

மேரி அக்கா ஓய்வு பெற்ற மருத்துவமனைத் தாதி, காத்தோங்வாசி. பிறந்தது சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், ஒரு கடைவீட்டின் மாடியில். ஜன்னலுக்கு வெளியே முகப்பில் இரண்டு சுதை மயில்கள். வெள்ளைப் பீங்கான் சில்லுதான் கண். எட்டு வயதில் தம்பி ஜோசப் ஜன்னலிலிருந்து எட்டி, ஒரு மயிலின் கண்ணுக்கு அம்மாவின் சிவப்பு நகப்பூச்சைப் பூசிவிட்டதாகச் சொன்னானாம். பயந்துபோன அம்மா அன்றே ஜன்னலை ஆணியடித்து மூடிவிட்டார். தெருவிலிருந்து பார்த்தால் கண் தெரியாது. பிறகு முகப்பு முழுக்க வெள்ளையும் அடித்துவிட்டார்கள்.

போன வருடம் வீட்டை இடித்தார்கள். இந்த வருடம் ஜோசப் இறந்துபோனார். என்னிடம் இருந்ததோ அந்த முகப்பின் ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம்.

"சாகிற வரைக்கும் அவனைப் புளுகன்னுதான் கூப்பிட்டேன். நிஜமா இல்லையான்னு மட்டும் பார்த்துச் சொல்லுப்பா," என்றார் மேரி அக்கா.

ஜூரோங்

இடித்த நிறுவனத்தின் சூப்பர்வைசரை ஜூரோங்கில் பிடித்தேன். ஒரு மயில் அங்கேயே நொறுங்கிவிட்டது. மற்றதைத் தன் ஆட்கள் துவாஸுக்குக் கொண்டுபோனதாகச் சொன்னார். உடைந்துவிட்டதா என்று கேட்டேன்.

"எங்க உடையறது? போர்வையில சுத்தி நாலு பேர் தூக்கிட்டுப் போனாங்க லா. என் பிள்ளையைக்கூட நான் அப்படித் தூக்கினதில்ல."

நீல எனாமல்

துவாஸில், தொழிலாளர் விடுதிக்குப் பக்கத்துக் கிடங்கின் மூலையில் இருந்தது மயில். முன்னால் ஊதுவத்தி, ஒரு முழம் மல்லிகை. பழைய சுண்ணாம்பைச் சுரண்டிக் கழுவி, பளபளக்கும் நீல எனாமல் அடித்திருந்தார்கள். எங்கள் தொழிலில் முதல் பாடமே கிடைத்த பொருளைக் கழுவாதே என்பதுதான். சாட்சி முழுவதும் அந்த அடுக்குகளில்தான் இருக்கும். கண்ணுக்கும் பெயிண்ட் அடித்தீர்களா என்று கேட்டேன். புதுக்கோட்டைக்காரரான முத்து, நான் கேட்கக்கூடாததைக் கேட்டதுபோல் பார்த்தார்.

"முருகனோட வாகனம் சார். கண்ணைத் தண்ணி விட்டுக் கழுவினதோட சரி, அதுல பெயிண்ட் வைக்கிறது ஸ்தபதி வேலை. நாங்க கம்பி கட்டுற ஆளுங்க."

நான் குனிந்து பார்க்கவில்லை. முதலில் பார்க்கவேண்டியவர் நான் இல்லை என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை

பூசை முடிந்து தேவாலயத்திலிருந்து நேராக மேரி அக்காவை அழைத்துப்போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு மயிலின் முன் மண்டியிட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

சிவப்பு. மங்கிய, திட்டுத் திட்டான சிவப்பு. சில்லைத் தாண்டி நீலத்தின் ஓரம்வரை வழிந்திருந்தது.

"கோட்டுக்குள்ள பூசவே தெரியாது அவனுக்கு," என்றார் மேரி அக்கா.

மயிலைச் சுற்றிக் கொடுத்தனுப்ப முத்து போர்வையை எடுத்துவந்தார். வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்று தடுத்துவிட்டு மேரி அக்கா ஜோசப்பின் கதையைச் சொன்னார். கேட்டு முடித்ததும் முத்து மயிலைப் பார்த்துக் கும்பிடவில்லை. மேரி அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அப்ப எங்க மயிலுக்குக் கண்ணு திறந்துவச்சது உங்க தம்பிங்களாம்மா?"

தொலைந்த அலங்காரங்களைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து சேர்ப்பவன் என்று என் அட்டையில் அச்சிட்டிருக்கிறேன்; அன்று துவாஸிலிருந்து வீட்டுக்கு நான் கொண்டுவந்து சேர்த்தது மேரி அக்காவை மட்டும்தான்.