ஆமாஞ்சாமி வாய் மூடிய நாள்

கோர்ட் வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளுக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனால் பதினாறு வருடமாகச் சட்டம் அவள் கை வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஜாமீன் மனுவோ வாக்குமூலமோ, அவள் மெஷினில் ஒருமுறை குப்புறப் படுத்து எழுந்த பிறகுதான் நீதிபதி முகத்தைப் பார்க்கும். "எத்தனை காப்பி?" என்பதுதான் அவள் ஒரு நாளில் பேசும் நீளமான வாக்கியம். எதிரே நிற்பவர் கையிலிருக்கும் தாளைத் தலைகீழாகவே படித்துவிடுவாள். அதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

அவள் புருஷன் துணிக்கடையில் இருபத்திரண்டு வருடமாக விற்பனையாளர். "இந்தக் கலர் எனக்கு எடுக்குமா?" "ஆமாங்க." "ஒல்லியா காட்டுமா?" "ஆமாங்க." "சாயம் போகுமா?" என்றாலும் முதலில் ஆமாங்கதான் வரும், நாக்கைக் கடித்துக்கொள்வது அப்புறம். தெரு அவருக்கு ஆமாஞ்சாமி என்று பெயர் வைத்தது. பெயர் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். அதற்கும் ஆமாங்க.

ஒரு நாள் காலை, கடையின் முகப்புக் கண்ணாடிக்குள் நின்ற இரண்டு பொம்மைகளைக் கோட்டு சூட்டோடு காணவில்லை. முந்தின நாள் கடைசியாகக் கிளம்பியவர் ஆமாஞ்சாமி. பத்து மணிக்கு அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கடைக் காவலாளி போனில் சொன்னதும், அவள் மெஷினை அணைத்தாள். ஸ்டேஷனில் என்ன கேட்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். இவர் என்ன சொல்வார் என்பதும் தெரியும்.

தினமும் தன்னிடம் காப்பி எடுக்க வரும் சின்ன வக்கீலம்மாவைக் கூப்பிட்டாள்.

"ஒரு மணி நேரத்துல வந்துடறேன்க்கா. வக்கீல் வர்ற வரைக்கும் பேசாம இருக்கறது அவரோட உரிமை. எதுலயும் கையெழுத்துப் போட வேண்டாம். அவர் வாயை மட்டும் பாத்துக்குங்க."

"கல்யாணமானதுல இருந்து அதைத்தானே பாத்துட்டிருக்கேன்," என்று சொல்லிவிட்டு, காலையில் அவர் மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ஸ்டேஷனில் அவர் மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் கேட்க, எழுத்தர் எழுதிக்கொண்டிருந்தார். அவள் தாளைத் தலைகீழாகப் படித்தாள். மூன்றாவது வரியில் பொம்மைகளை முன்வாசல் வழியாகக் கொண்டுபோயிருந்தார். ஏழாவது வரியில் பின்வாசல் வழியாக. ஒன்பதாவது வரியில் சைக்கிளில். அவரிடம் சைக்கிளே கிடையாது.

"சார், கண்ணாடி... இல்லாட்டி அவருக்குக் கண்ணு தெரியாது."

"குடுத்துட்டுப் போம்மா."

காதில் மாட்டிவிடுகிற சாக்கில் குனிந்தாள். எடுத்தீர்களா என்று கேட்கவில்லை. அவரிடம் உண்மை வேண்டுமென்றால் ஆமாம் இல்லை என்று முடிகிற கேள்வி கேட்கக் கூடாது; அது அந்த வீட்டுச் சட்டம்.

"பொம்மை எங்க?"

"எனக்கென்ன தெரியும்?"

"அப்புறம் ஏங்க ஆமாங்கறீங்க?"

"அவ்வளவு பெரிய மனுஷன் கேக்கறார். முகத்துல அடிச்ச மாதிரி இல்லைன்னா நல்லாவா இருக்கும்?"

"வக்கீல் வந்ததும் பேசறேன்னு சொல்லுங்க."

"கோவிச்சுக்குவார்டி."

அவளுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. "கடையில தள்ளுபடி கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"அது என் கையில இல்லீங்க, முதலாளியைக் கேட்டுச் சொல்றேன்."

"இவரும் தள்ளுபடிதான் கேக்கறார். இன்னிக்கு உங்க முதலாளி சின்ன வக்கீலம்மா."

அவர் முகம் தெளிந்தது.

"என்னம்மா, கண்ணாடி மாட்டறியா, ரெண்டாம் கல்யாணம் பண்றியா?" என்றார் இன்ஸ்பெக்டர். அவள் சுவரோரம் போய் நின்றாள்.

"சரி, பொம்மையை யாருக்கு வித்தே?"

"அது என் கையில இல்லீங்க. வக்கீலைக் கேட்டுச் சொல்றேன்."

"இவ்வளவு நேரம் ஆமான்னியேய்யா?"

"இனிமே கேட்டுத்தான் சொல்லணுங்க."

"உன் வயசுக்குமா கேக்கணும்?"

"கேட்டுடறது நல்லதுங்க."

பேரம் பேசிப் பேசிச் சலித்தவர்களையும் சிரித்த முகத்தோடு உட்கார வைத்த ஆள் அவர். ஐந்தே நிமிடத்தில் போலீஸ் களைத்துவிட்டது.

"சரி சரி, இதுல மட்டும் ஒண்ணு போடு," என்று எழுத்தர் தாளையும் பேனாவையும் நீட்டினார். பில்லைக் கண்டால் கையெழுத்துப் போடுகிற பழக்கம், ஆமாஞ்சாமியின் கை தன்னால் பேனாவைத் தொட்டது.

"படிச்சுக் காட்டாம கையெழுத்து வாங்கக் கூடாது சார்."

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பினார்கள். அவளும்தான் திரும்பிப் பார்க்க இருந்தாள்.

"எந்தப் புத்தகத்துலம்மா இருக்கு அது?"

"புத்தகம் தெரியாது சார். நூறு தடவை காப்பி எடுத்திருக்கேன்."

இன்ஸ்பெக்டர் எழுத்தரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் உரக்கப் படித்தார். ஏழாவது வரியில் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

"ரெண்டு வாசல்லயும் எப்படிய்யா போனான்?"

எழுத்தர் கொஞ்சம் யோசித்தார். "பொம்மைக்கு ஒரு வாசல் சார்."

சின்ன வக்கீலம்மா உள்ளே வந்தபோது இன்ஸ்பெக்டர் அந்தத் தாளை நாலாக மடித்துக்கொண்டிருந்தார். வக்கீலம்மா சாதாரணமாக ஒரு நகல் கேட்டாள். தாள் எட்டாக மடிந்தது. கூப்பிட்டால் வரவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு ஒரு மணிக்கு விட்டுவிட்டார்கள். முதலாளியின் மச்சான் பொம்மைகளைப் பெயிண்ட் அடிக்கத் தூக்கிப் போனது சாயங்காலம்தான் தெரிந்தது.

வாசல்வரை வந்த இன்ஸ்பெக்டர், "வெளிய போய் எதையாவது சொல்லிட்டுத் திரியாதே. உன்னை மரியாதையாத்தானே நடத்தினோம்?" என்றார்.

ஆமாஞ்சாமி வக்கீலம்மாவைப் பார்த்தார்.

"இதுக்கு நீங்களே பதில் சொல்லலாம்," என்றாள் அவள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கல்லாப் பக்கம் நின்று சிரிக்கிற அதே சிரிப்போடு, "இல்லீங்க," என்றார்.

உள்ளே எழுத்தரின் பேனா நின்றது. புருஷன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கிய மனைவி, தெருமுனை தாண்டிய பிறகுதான் விட்டாள்.

"இப்பவா அதைச் சொல்லணும்?"

"வாயில வருதான்னு பாத்தேன்," என்றார் அவர். "நல்லாத்தான் இருக்கு."